நாற்பத்தோரு வீட்டு மெஷின்

1

இது கதையாகப் பிறக்கவில்லை என்பதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். தஞ்சாவூரில் சிற்றிதழ் நடத்தும் நண்பர் மதிவாணன், சோசலிசத்தையும் முதலாளித்துவத்தையும் பற்றி ஒரு கட்டுரை கேட்டார். பதினோரு பக்கம் எழுதினேன். ரஷ்யப் புரட்சி வந்தது, பெர்லின் சுவர் விழுந்தது, நம் நாட்டில் தாராளமயம் நுழைந்தது. படித்துவிட்டு போனில் சொன்னார்:

“எல்லாம் சரிங்க. ஆனா பதினோரு பக்கத்துல ஒரு ஆள்கூட சோறு திங்கலையே.”

அந்தக் கோபத்தில்தான் திருவாரூர்ப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் பஸ் ஏறினேன். நாற்பத்தோரு குடும்பங்கள் சேர்ந்து ஒரு அறுப்பு மெஷின் வாங்கியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். (ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். காரணம் கடைசியில் உங்களுக்கே தெரியும். தெரியாவிட்டாலும் பரவாயில்லை.)

2

முதலில் எழுதிய தொடக்கம் இது: ‘செங்கொடியின் மகள் அம்சம், தன் விழிகளில் புரட்சியின் கனலைத் தேக்கி…’

போதும். வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அடிக்காமல் விட்டிருக்கிறேன்.

அம்சத்துக்கு ஐம்பத்தெட்டு வயது. மெஷின் குழுவின் தலைவர். அவருடைய அப்பா பண்ணையாளாக இருந்து, விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்து அடி வாங்கியவர். அம்சமும் பதினைந்து வயதிலிருந்து ஊர்வலம் போனவர்.* இன்று அவருக்கு ஒரு ஏக்கர் சொந்த நிலம். நடவுக்கு ஆள் வைக்கிறார். கூலி ஏறிவிட்டதென்று சலித்துக்கொள்கிறார்.

(* சங்க ஆபீசுக்கு வரும் சோவியத் பத்திரிகையின் வழவழத் தாளில்தான் பள்ளிக்கூட நோட்டுகளுக்கு அட்டை போட்டாராம். “அந்த நாடு ஒடஞ்சப்ப அழுதீங்களா?” என்று கேட்டேன். “அன்னைக்கு நடவுங்க. அழுவ நேரம் ஏது?”)

எதிர்ப்பக்கத்துக்கு ஒரு முதலாளி வேண்டுமே. ராஜ்குமார் கிடைத்தார். அம்சத்தின் அப்பா வேலை பார்த்த அதே பண்ணையின் பேரன். ஆறு ஏக்கர், மாடி வீடு, சிங்கப்பூரில் பதினாறு வருஷம். வில்லனுக்கு அளவெடுத்துத் தைத்த ஆள். அவர் வீட்டுக்கே போய் என் வரைவைப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

“சார், சிங்கப்பூர்ல நான் முதலாளியா இருந்தேன்னு யாரு சொன்னா? கப்பல் பட்டறையில வெல்டர். ஒரு ரூம்ல பன்னெண்டு பேரு. ஒரு நாள் காலையில, நாளையிலேருந்து வர வேண்டாம்னு மெசேஜ் வந்துச்சு. அவ்ளோதான்.”

அம்சத்திடம் போனேன். அவருக்கும் குறை இருந்தது.

“கொடி புடிச்சேன், இல்லைங்கல. அதுக்காக உங்க கதையில நான் எப்பவும் கொடியோடவேதான் நிக்கணுமா? மெஷினுக்கு டீசல் யாரு புடிக்கிறது?”

தொழிலாளியாக இருந்த நிலக்காரர், நிலக்காரராகிவிட்ட சங்கத்துக்காரி. என் பதினோரு பக்கமும் அங்கேயே படுத்துவிட்டன.

3

நடந்ததை மட்டும், அவர்கள் எனக்குச் சொன்னபடி சொல்கிறேன்.

சம்பா அறுவடைக்கு முன் குழு கூடிக் குலுக்கல் போட்டது. எந்த எண்ணோ அந்த வரிசையில் மெஷின் வரும். அம்சத்துக்கு இரண்டு, ராஜ்குமாருக்கு முப்பத்தேழு. அடுத்த வாரமே வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தி. மழைக்கு நான்கு நாள்தான் இருந்தது. எல்லார் வயலையும் முடிக்க ஐந்து நாளாவது வேண்டும்.

காலையிலேயே ராஜ்குமார் மெஷின் கொட்டகைக்கு வந்தார். அம்சமும் மெஷின் ஓட்டும் ஈஸ்வரியும் அங்கே இருந்தார்கள்.

“அக்கா, என் பள்ளத்து வயல் முத்தி நிக்கிது. மழை வந்தா மொத்தமும் தண்ணிக்குள்ள. ரெண்டு மடங்கு வாடகை தர்றேன், முதல்ல அறுத்துக் கொடுங்க.”

(இந்த ‘அக்கா’வை நான் சேர்க்கவில்லை. அவருடைய தாத்தா அம்சத்தின் அப்பாவை எப்படிக் கூப்பிட்டார் என்பதும் தெரியும். அதை எழுத மாட்டேன்.)

“குலுக்கல்னு ஒத்துக்கிட்டுத்தானே தம்பி கையெழுத்துப் போட்டீங்க?”

“குலுக்கல் சீட்டுக்குக் கதிர் முத்துனது தெரியுமாக்கா?”

“தெரியாது. ஆனா ரேட்டு வச்சா, காசு உள்ளவங்க கதிருதான் முதல்ல முத்தும்.”

இருபதாம் நூற்றாண்டு முழுவதும் இந்த இரண்டு வாக்கியங்களுக்குள் அடங்கிவிட்டதாக எனக்குப் பட்டது. சந்தை ஒருவனிடம் என்ன இருக்கிறதென்று பார்க்கிறது. சமத்துவத்தின் பெயரால் போட்ட சட்டமோ சில சமயம் எதையுமே பார்ப்பதில்லை. இவை இரண்டுக்கும் நடுவில்

(இந்தப் பத்தியை இத்தோடு விடுகிறேன். ஈஸ்வரி பேச ஆரம்பித்துவிட்டாள்.)

“ரெண்டு பேரும் இங்கேயே நின்னு பேசுறீங்க. வயலைப் போய்ப் பாத்தா என்ன?”

4

பார்த்தார்கள். குழுவிலிருந்து ஒன்பது பேர், முக்கால் நாள், நாற்பத்தோரு வீட்டு வயலும். வரப்பில் இறங்கி, கதிரை உருவி, ஒரு நெல்லைப் பல்லில் வைத்துக் கடித்தார்கள். ‘டக்’கென்று உடைந்தால் முற்றியது, மாவாய் நசுங்கினால் பால் காயவில்லை, இன்னும் நாள் இருக்கிறது. பள்ளமா மேடா, தண்ணீர் வடியுமா தேங்குமா என்று ஈஸ்வரி ஒவ்வொன்றாய்க் குறித்துக்கொண்டாள்.

அம்சத்தின் வயலுக்கு வந்தார்கள். மேட்டு வயல். அம்சமே ஒரு நெல்லைக் கடித்தார். கொஞ்ச நேரம் மென்றார். பொய் சொல்லியிருந்தால் யாரும் இன்னொரு நெல்லைக் கடித்துப் பார்த்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

“பால் இருக்கு,” என்றார். “கடைசியில போடு.”

இரண்டாம் எண் கடைசி எண்ணாகியது. ராஜ்குமாரின் பள்ளத்து வயல் மூன்றாவதாக வந்தது. அவருடைய மேட்டு வயல் தனியாகப் பிரிந்து அம்சத்துக்கு முந்தைய இடத்துக்குப் போனது; ஆக வரிசையில் நாற்பத்திரண்டு வயல். வாடகை எல்லாருக்கும் போட்ட அதேதான்.

5

இங்கே மழையை நிறுத்திவைக்க எனக்கு ஆசையாக இருந்தது. கதாசிரியனுக்கு அந்த அதிகாரம் உண்டு. வரைவில் நிறுத்தியும் பார்த்தேன்: மேகம் கலைந்தது, வெயில் அடித்தது, நாற்பத்தோரு வீட்டு வயலும் அறுபட்டது. படித்தபோது தேர்தல் துண்டறிக்கை மாதிரி இருந்தது.

மழை வந்தது. சொன்னதற்கு ஒரு நாள் முன்னாலேயே வந்தது. மெஷினை ராத்திரியும் ஓட்டியதில் முப்பத்தேழு வயல் முடிந்திருந்தது. மீதி ஐந்தும் சாய்ந்து தண்ணீரில் படுத்துவிட்டன. படுத்த பயிரை மெஷின் வாரி எடுக்காது. அம்சம் குடையில்லாமல் வரப்பில் நின்றதை ஈஸ்வரி பார்த்திருக்கிறாள்.

“அழுதாங்களா?” என்று கேட்டேன்.

“மழையில எப்படிங்க தெரியும்?”

மழை விட்டதும் முதலில் வந்தது ராஜ்குமார், கையில் கடன் வாங்கின அரிவாளோடு. தன் மேட்டு வயலுக்குப் போகாமல் அம்சத்தின் வயலில் இறங்கினார். அரைமணியில் விரலை வெட்டிக்கொண்டார்.

“வெல்டிங்கே பாத்திருக்கலாம் நீங்க,” என்றார் அம்சம், தன் முந்தானையைக் கிழித்துக் கட்டுப்போட்டபடி.

அறுப்பு முடிந்த வீடுகளிலிருந்தும் வந்தார்கள். எல்லாரும் இல்லை; இருபது, இருபத்தைந்து பேர். மூன்று நாள் கையால் அறுத்தார்கள். ஐந்து வயலிலும் பாதிக்கு மேல் தேறியது. மீதி முளைத்துப் போனது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

6

மூன்று முடிவுகள் எழுதிவைத்தேன். ஒன்றில் ராஜ்குமார் சொந்தமாக மெஷின் வாங்கிக்கொண்டு பிரிகிறார். இன்னொன்றில் அம்சம் தலைவர் பதவியை விடுகிறார். மூன்றாவதில் எல்லாரும் சேர்ந்து ஒரே குரலில் ஏதோ சொல்கிறார்கள். மூன்றையும் கிழித்துவிட்டு, கூட்டத்துக்கு நேரில் போனேன்.

சமுதாயக் கூடத்தில் வீட்டுக்கு ஒருவர். ஆறு ஏக்கருக்கும் ஒரு ஓட்டு, ஒரு ஏக்கருக்கும் ஒரு ஓட்டு. அடுத்த வருஷம் வரிசையை எப்படி வைப்பது? குலுக்கலே நேர்மை என்றது ஒரு கட்சி. ஆளுக்காள் வயல் பார்த்தால் சண்டை வரும் என்றது. நடந்து பார்த்ததால்தான் அம்சத்துக்கு நஷ்டம் என்றும் யாரோ சொன்னார்கள். அம்சம் எழுந்தார்.

“எனக்கு நஷ்டந்தான். ஆனாலும் நடந்து பாக்கிறதே இருக்கட்டும். ஒண்ணு மட்டும் சேத்து எழுதுங்க. கடைசியா நிக்கிற வயலுக்கு மழை வந்தா, அறுத்து முடிச்சவங்க எல்லாரும் அரிவாளோட வரணும்.”

“இன்னொண்ணும் எழுதுங்க,” என்றார் ராஜ்குமார், விரலில் கட்டோடு. “நம்ம வேலை முடிஞ்சதும் மெஷினைப் பக்கத்து ஊருக்கு மார்க்கெட் ரேட்டுக்கு விடணும். ரெண்டு வருஷத்துல இன்னொரு மெஷின் வாங்கலாம். யாரும் கடைசியா நிக்க வேண்டாம்.”

“அங்க குத்தகைக்குப் பயிர் வச்சிருக்கவங்களுக்குமா மார்க்கெட் ரேட்டு?”

“அவங்களுக்கு நம்ம ரேட்டே போடலாம்க்கா.”

“சொந்த நிலம் வச்சிருக்கவங்க குத்தகைன்னு சொல்லிக்கிட்டு வந்தா?”

“அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே.”

கூடம் சிரித்தது. அந்தச் சண்டை டீ வந்த பிறகும் ஓடியது. சோசலிசம், முதலாளித்துவம் என்ற இரண்டு வார்த்தைகளுக்காக ஒரு நூற்றாண்டு மனிதர்களைச் சுட்டது. இங்கே அம்சமும் ராஜ்குமாரும் ஒரே தட்டிலிருந்து பக்கோடா எடுத்துக்கொண்டே சண்டை போட்டார்கள். எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

கடைசியில் ஈஸ்வரி நோட்டோடு எழுந்தாள்.

“சேத்துச் சொன்ன ரெண்டும் உட்பட, ஏத்துக்கிறவங்க கை தூக்குங்க.”

கைகள் எழுந்தன. சிலது வேகமாக, சிலது பக்கத்தில் பார்த்துவிட்டு. ஈஸ்வரி கடைசி வரிசையைப் பார்த்தாள்.

“சார், நீங்க கையை இறக்குங்க. உறுப்பினருக்கு மட்டுந்தான் ஓட்டு.”

அப்போதுதான் என் கை மேலே இருந்தது எனக்கே தெரிந்தது. இறக்கிக்கொண்டேன். முடிவையோ ஊர்ப் பெயரையோ சொல்லும் உரிமையும் அத்தோடு போயிற்று. இனி உங்கள் பாடு, எண்ணிக்கொள்ளுங்கள். ஈஸ்வரி முதல் வரிசையிலிருந்து ஆரம்பித்துவிட்டாள்: ஒண்ணு, ரெண்டு, மூணு…