பனி உறையும் சூளை

அந்த மண்பாண்டப் பட்டறைச் சூளையில் நெருப்பு எவ்வளவு ஓங்கி எரிந்தாலும் உள்ளே பனிதான் உறையும். தெருக்காரர்கள் இதற்கு ஆச்சரியப்படுவதை விட்டுப் பல வருடங்களாகின்றன.

முதலில் அது சாதாரண விறகுச் சூளை. அக்காவும் தம்பியுமாகப் பட்டறையை நடத்தினார்கள். அவள் வனைவாள், அவன் சுடுவான். விறகு கிடைப்பது குதிரைக்கொம்பானதும் தம்பி சூளையை எரிவாயுவுக்கு மாற்றினான். ஆள் வைக்காமல் தானே குழாய் இழுத்தான், பர்னர் பொருத்தினான். தீ அணைந்தால் வாயுவைத் தானாக நிறுத்தும் வால்வு எதற்கு, எனக்குக் கண் இல்லையா என்றான். சூடு வீணாகிறதென்று புகைபோக்கியைச் செங்கல் வைத்து முக்கால்வாசி அடைத்தபோதுதான் அக்கா குறுக்கே வந்தாள்.

"அடைக்காதடா. சூளையும் மூச்சு விடணும்."

"கேஸுல ஏதுக்கா புகை? நீ சும்மா இரு."

அவனோடு மல்லுக்கட்டத் தெம்பில்லாமல் சும்மா இருந்தாள். ஒரு மழை நாளில், சாரல் அடிக்கிறதென்று சன்னல்களைச் சாத்திவிட்டு, எரியும் சூளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கோப்பைகளுக்குக் கைப்பிடி ஒட்டினாள். தம்பி சாப்பிட்டுவிட்டு வந்தபோது சுவரில் சாய்ந்து கிடந்தாள். முகம் செக்கச்செவேலென்று, யாரோ கேலி செய்து வெட்கப்பட்டவள் போல. புகை போக வழியில்லாத சூளையின் வாசனையே இல்லாத நச்சுக்காற்று, அதிலேயே உயிர் போயிருக்கிறது என்றார் மருத்துவர்.

அடுத்த முறை பற்றவைத்தபோது நெருப்பு குளிர்ந்தது. சுடாத பச்சைப் பானைகள் உறைபனி பூத்துப் பச்சையாகவே வெளியே வந்தன. தம்பி செங்கற்களைப் பிடுங்கினான். சுவரில் காற்றுக்கு வழிவிட்டான், வால்வு பொருத்தினான், குழாய் இணைப்புகளில் சோப்பு நுரை பூசிக் கசிவு பார்த்தான், பர்னரைக் கழற்றிக் கழற்றித் துலக்கினான். சோதிக்க வந்த அதிகாரி, இவ்வளவு ஒழுங்கான சூளையைத் தான் பார்த்ததே இல்லை என்று குளிரில் பல் கிட்டிக்கச் சொல்லிவிட்டுப் போனார். 

மருந்துக்கடைக்காரர், குளிரில் கெடாமல் இருக்கட்டும் என்று ஊசி மருந்துகளைக் கொண்டுவந்து, வாடகை பேசிச் சூளையின் மேல்தட்டில் வைத்தார். பிறகு மீன்காரர்கள் வந்தார்கள். வருமானம் முன்பைவிட நன்றாகவே இருந்தது, சோறுதான் இறங்கவில்லை.

அம்மா செத்த பிறகு அக்கா மகள் அவன் முகத்தில் விழிக்கவில்லை. மீன்காரர் ஒருவருக்கு வாக்கப்பட்டவள், கோடை உச்சத்தில் வேறு வழியில்லாமல் மீன் கூடையோடு வந்தாள். அவன் அதை வாங்கி நீலத் தீக்கு நடுவே வைத்துவிட்டு, ஏதாவது கேட்பாளா என்று நின்றான். திட்டினாலும் பரவாயில்லை என்றிருந்தது.

"கதவை நல்லா சாத்துங்க. கெட்டுப்போயிடும்," என்றாள். மாமா என்று அழைக்கவில்லை.

அவன் சாத்தினான். சாயங்காலம் விறைத்துக் கிடந்த மீனை எடுத்துக்கொண்டு போனாள். மறுநாளும் வந்தாள்.