கோவிந்தா போடாத சனிக்கிழமை

புரட்டாசிச் சனிக்கிழமை அதுவுமாகத் திருப்பதிச் சாலையோரம் ஒருவனைப் படுக்கவைத்து, வாயைத் திறக்காதே என்றால் அது அடுக்குமா? சிப்பாய் திருவேங்கடத்துக்கு அதுதான் வாய்த்தது. பட்டாளத்து ஸ்னைப்பர் பயிற்சியின் கடைசித் தேர்வு. புத்தூர் மலையடிவாரத்தில் உடம்பெல்லாம் புல்லும் தழையும் கட்டிக்கொண்டு, பாறைமேல் பைனாகுலரோடு உட்கார்ந்திருக்கும் ஹவில்தார் நாகபூஷணத்தின் கண்ணில் படாமல் ஊர்ந்து போய், வெற்றுத் தோட்டா சுட வேண்டும். சுட்ட பிறகும் அவரால் கண்டுபிடிக்க முடியாவிட்டால்தான் தேர்ச்சி.

போன சனிக்கிழமையே சுட்டிருப்பான். சாலையில் போன யாத்திரைக் கூட்டம் "ஏழுமலையானே!" என்று கூவ, இந்த மகராசன் புதருக்குள்ளிருந்து "கோவிந்தா!" என்று பதில் போட்டுவிட்டான். சித்தூர் ஜில்லாவில், யாத்திரைக் கூட்டம் போகிற வழியிலிருக்கும் பாலசமுத்திரத்தில் பிறந்த நாக்கு சும்மா இருக்குமா? முகாமே விழுந்து விழுந்து சிரித்தது. இன்றும் மாட்டினால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். அவன் கம்பெனியில் அதுவரை ஒருவனும் ஸ்னைப்பர் ஆனதில்லை.

விடிந்ததிலிருந்து கிடந்தான். எறும்பு காதில் ஏறியது, வெயில் முதுகைப் பொசுக்கியது. அசையவில்லை. ஒரு கூட்டம் கூவிக்கொண்டு போனது. பல்லைக் கடித்துக்கொண்டு பாறையையே பார்த்தான். அடடா! ஹவில்தார் பைனாகுலரைக் கீழே விட்டு, இரண்டு கையையும் தலைமேல் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு "கோவிந்தா" என்கிறார்! அவரும் காளாஸ்தி பக்கத்து ஆள்தானே, கை சும்மா இருக்குமா?

அப்புறம் அவன் அவசரப்படவேயில்லை. கூட்டம் கூவும்போது மட்டும் ஊர்ந்தான். மற்ற நேரமெல்லாம் மூச்சைக்கூட மெல்ல விட்டான்.

பொழுது சாயும் நேரம், இன்னும் ஒரு நகர்வுதான் பாக்கி. அப்போது வந்த கூட்டத்துக்கு முன்னால் கூவியது யார் குரல்? அவன் அம்மா செங்கம்மா! இரண்டு வருஷமாகக் கேட்காத குரல். பதில் தொண்டைவரை வந்துவிட்டது. மண்ணைக் கவ்விக்கொண்டான். கண்ணீர் வழிய வழிய ஊர்ந்தான், குறி பார்த்தான், சுட்டான்.

"எவன்டா அவன்? எக்கடரா?" எங்கேடா என்று தெலுங்கிலும் கத்திக்கொண்டே நாகபூஷணம் பைனாகுலரால் புதர் புதராகத் துழாவினார். கடைசியில் தோற்றேன் என்று கையை விரித்தார். அவர் பார்த்துப் பார்த்து விட்டுவிட்ட புதர் ஒன்று எழுந்து சல்யூட் அடித்தது.

சித்தூர் ஜில்லாவை ஆந்திராவும் மெட்ராஸும் பங்கு போட்டுக்கொண்டிருந்த காலம் அது. "எல்லைக்கல்ல எங்கனா நட்டுக்கட்டும், நீ எங்காளுடா!" என்று ஹவில்தார் அவனைக் கட்டிக்கொண்டார்.

"சார், இப்ப கூவிக்கினு போனது எங்கம்மா."

"அப்ப இன்னாத்துக்கு நிக்கிற? ஓடுரா!"

சாலையில் ஒரு புதர் ஓடி வருவதைக் கண்டு கூட்டம் அலறியது. செங்கம்மா மட்டும் அலறவில்லை. பெற்றவளுக்கு அந்த ஓட்டம் தெரியாதா?

"நீ கூவுனது கேட்டுக்கினுதான் கெடந்தேம்மா. பதில் சொல்லல. பாஸாயிட்டேன்," என்று விம்மினான்.

அவன் உதட்டு மண்ணை முந்தானையால் துடைத்தாள் செங்கம்மா. "அழுவாத நைனா. பெத்தவ குரலுக்கே அசையாம கெடந்தியே, நீதான்டா சிப்பாயி! உன் பங்கு கோவிந்தாவ நான் போட்டுக்குறேன். நீ வாயத் தொறக்காம உன் வேலையப் பாரு."

அந்த யாத்திரையில் மலை ஏறி முடிக்கும்வரை, எல்லாரும் ஒரு கோவிந்தா போட்டால் செங்கம்மா இரண்டு போட்டாள்.