உறைக்குள் புகுந்த மண்

1

இந்தக் கதை ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து பிறந்தது. மெட்டல் டிடெக்டரின் அடியில் தட்டுப்போல ஒரு வட்டம் இருக்குமல்லவா, அதற்குள்தான் கம்பிச்சுருள். கல்லில் உரசாமலிருக்க அதற்கு ஓர் உறை மாட்டுவார்கள். உறைக்குள் ஈரமண் புகுந்தால் கருவி பொய்யாகக் கத்தும். ஓரத்தைச் சிலிகான் பசை வைத்து அடைக்க வேண்டும். இதைக் கேள்விப்பட்ட அன்றே எனக்கு சாரா கிடைத்துவிட்டாள்.

2

'ஆர்.எஸ்.புரத்து நகைக்கடைகள் திறக்கும் நேரத்தில் சாரா...'

வேண்டாம். அவள் வீடு அங்கேதான், கதை அங்கே இல்லை.

வெள்ளகோவில் பக்கம் வேலனின் கடலைக்காடு. முந்தின நாள், நண்பன் வேலனுக்குச் செடி பிடுங்க ஒத்தாசைக்கு வந்த இடத்தில், பெனடிக்ட் தன் கல்யாண மோதிரத்தைத் தொலைத்துவிட்டான். அவன் மனைவி சாராவோ, ஊரார் தொலைத்த நகைகளைக் கருவி வைத்துத் தேடிக்கொடுப்பதைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவள். (இந்தப் பொருத்தம் கொஞ்சம் அதிகம்தான். இருக்கட்டும்.)

"சாயங்காலம் உழுகறதுக்கு டிராக்டர் வருதுங்க. அதுக்குள்ள தேடிப்போடுங்க," என்றான் வேலன்.

3

ராத்திரி மழை பெய்திருந்தது. கருவி வைத்த இடத்திலெல்லாம் கத்தியது. பெனடிக்ட் தோண்டினான், ஒன்றுமில்லை. தள்ளிப் போய்த் தோண்டினான், மண்புழு.

"மிசின் கெட்டுப்போச்சு. ஊட்டுக்குப் போலாம், விடு."

"ஏனுங்க, உங்களுக்கென்ன அவ்வளவு அவசரம்?"

[இங்கே ஒரு சண்டை எழுதியிருந்தேன். நன்றாகவே வந்திருந்தது. ஆனால் சாரா அப்படிக் கத்துகிறவள் இல்லை.]

அவள் உறையைக் கழற்றினாள். உள்ளே செம்மண் குழம்பு. கழுவி, துப்பட்டாவால் துடைத்து, வெயிலில் உலர்த்தி, மறுபடி மாட்டி, ஓரம் முழுக்கப் பசையைப் பிதுக்கி விரலால் நீவினாள்.

"இது காயணுமுங்க."

"டிராக்டர் வந்துரும் சாரா."

"காயாம எடுத்தா மறுபடி பொய்தான் சொல்லும்."

4

வேப்பமர நிழலில் உட்கார்ந்தார்கள். (எழுதுகிறவனுக்குச் சங்கடமான இடம். பசை காய்வதை எத்தனை வரி எழுதுவது?)

பெனடிக்ட் வெறும் விரலைத் தடவிக்கொண்டிருந்தான்.

"அது ரொம்ப நாளாவே லூசுதான். நூல் சுத்திப் போட்டிருந்தேன்."

"ஏனுங்க?"

"எளச்சுட்டேன். வேலையா பல்லடம் போனப்ப டாக்டரப் பாத்தேன். சுகர்னாரு. நீ பயந்துக்குவேன்னு சொல்லல."

சாரா அவன் கையை மடியில் எடுத்து வைத்து, பசை ஒட்டிய விரல்களால் ஒவ்வொரு விரலாகப் பிடித்துப் பார்த்தாள். தினமும் பார்க்கிற கை. எப்படித் தெரியாமல் போனது?

"சுகர வெச்சுக்கிட்டா காலையில அத்தன ஜிலேபி தின்னீங்க?"

"வேண்டாம்னா உனக்குச் சந்தேகம் வருமில்ல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் நிறைந்தது. "இனிமே டாக்டர்கிட்ட நானும் வாரேன்," என்றாள்.

5

முடிவு ஒன்றில் மோதிரம் கிடைக்கிறது. அவன் விரலில் நிற்காமல் சாராவின் கட்டைவிரலுக்குப் போகிறது. இரண்டாவதில் சோடா மூடி. மூன்றாவதில் டிராக்டர் முந்திக்கொள்கிறது. மூன்றையும் எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் அவர்கள் பஸ்ஸில் தோளில் தோள் சாய்ந்தபடியேதான் ஊர் திரும்பினார்கள்.

ஆகவே எனக்கு எது என்றாலும் சரி. நீங்கள் முடிவு செய்யுங்கள். ஆனால் சீக்கிரம்: தூரத்தில் டிராக்டர் சத்தம் கேட்கிறது. பசை காய்ந்தபின் காட்டைச் சுற்றி வந்த கருவி இப்போது எங்கும் வீணாகக் கத்தவில்லை. வரப்போரம் ஒரே இடத்தில் மட்டும் நின்று கூப்பிடுகிறது. பெனடிக்ட் மண்வெட்டியோடு ஓடி வருகிறான்.

"மெதுவா வாங்க," என்கிறாள் சாரா.