அம்மாவுக்காக ஒரு ஓட்டம்

எந்தப் புண்ணியவான் யோசனையோ, மார்பகப் புற்றுநோய்க்கு நிதி திரட்டும் ஓட்டத்தை ஆஸ்திரேலியாவின் பல்லராட் நகரில் அன்னையர் தினத்தன்றே வைக்கிறார்கள். மகள் கிர்ஸ்டி மதியச் சாப்பாட்டுக்கு வருவாள் என்று நோலீன் ஆட்டுத்தொடையைச் சுட்டுவைத்துக் காத்திருந்தாள். தனக்கு நோய் திரும்பிவிட்டதை அவளிடம் நேரில்தான் சொல்ல வேண்டும்.

நாலு மணிக்குப் போன் வந்தது.

"அம்மா, ஓடின எல்லாரும் இங்கயே சாப்பிட்டுட்டோம். உன் பேர் எழுதின அட்டையை முதுகுல மாட்டிக்கிட்டு ஓடினேன், பாத்தவங்க அழுதுட்டாங்க!"

"ஏன்டி, நான் செத்தா போயிட்டேன்?"

"போம்மா! உனக்காகத்தானே ஓடுறேன்?"

"எனக்காகன்னா இந்தப் பக்கமில்ல ஓடி வரணும்."

"அடுத்த வருஷம் கண்டிப்பா வரேன்."

கிறிஸ்துமஸ் வரைக்கும்தான் டாக்டர் நாள் கொடுத்திருந்தார். நோலீன் அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள், யாரோ படமெடுக்கக் கூப்பிட, கிர்ஸ்டி போனை வைத்துவிட்டாள்.