இருநூறு அடியில் என்ன தெரிகிறது

1

இந்தக் கதை ஒட்டுக்கேட்டதில் கிடைத்தது. அடுத்த வீட்டில் அல்ல, விழுப்புரத்தில் எங்கள் வீட்டின் நடு அறையில். என் கணவர் சக்கரபாணி அங்கே கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டிக்கொண்டிருப்பார். கூட யாரும் இருக்கமாட்டார்கள். ஆனாலும் வாய்விட்டு ஏதோ சொல்வார். சொல்லிவிட்டு, யாரோ பதில் சொல்லப்போகிறார்கள் என்பது போல ஒரு கணம் நிறுத்துவார். அந்த நிறுத்தம்தான் எனக்குக் கிடைத்த கதை. மற்றதெல்லாம் நான் சேர்த்தது.

அவரைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுது, ஆனா தப்பு தப்பா எழுதாத" என்றார். தப்பு இருந்தால் சதுர அடைப்புக்குறிக்குள் அவரே திருத்துவார் என்று பேச்சு. ஆகவே சதுர அடைப்புக்குறி வந்தால் அது அவர் குரல். வளைவு அடைப்புக்குறி என்னுடையது. (இது போல.)

2

முதல் தொடக்கம்: "விழுப்புரம் ஜங்ஷனின் மேல் மேகங்கள் கவிந்து—"

வேண்டாம். நான் திண்டிவனத்தில் எட்டாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லித்தருகிறவள். மேகம் கவிந்தால் துணி எடுக்க ஓடுவேனே தவிர வர்ணிக்க மாட்டேன்.

இரண்டாவது தொடக்கம்: "அம்சவள்ளி எதிலும் விட்டுக்கொடுத்துப் போகிறவள். கணவனின் மௌனத்தை அவள் பொறுமையோடு—"

இதைப் பஸ்ஸில் எழுதினேன். கூட்டேரிப்பட்டில் ஏறிய அம்மா ஒருத்தி மல்லாட்டை (வேர்க்கடலைதான்) மூட்டையை என் மடியில் பாதி, தன் மடியில் பாதியாக வைத்துக்கொண்டாள். வாக்கியம் அத்தோடு நின்றது. வீட்டுக்கு வந்து அவரிடம் காட்டினேன்.

"யாரு இந்த அம்சவள்ளி?"

"நான்தாங்க. கதைக்காகப் பேர மாத்தியிருக்கேன்."

"நீ எப்ப வுட்டுக்குடுத்துப் போன?"

அம்சவள்ளியை அன்றைக்கே அனுப்பிவிட்டேன். இனி நான்தான், கிருஷ்ணவேணி. பொறுமையும் கிடையாது.

3

சக்கரபாணி ரயில் ஓட்டினவர். இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டினார். போன வருஷம் கண்ணில் அழுத்தம் கூடி நரம்பு பழுதானது. பேப்பர் படிப்பார், என் முகம் நன்றாகத் தெரியும், ஆனால் மங்கலுக்குள் இருக்கும் மங்கல் பிரிந்து தெரியாது. தூரத்து சிக்னலைப் பனியில் கண்டுபிடிக்க முடியாதவரை இன்ஜினில் ஏற்றமாட்டார்கள். அது நியாயம்தான். அவரும் நியாயம் என்றுதான் சொன்னார், அதற்குப் பிறகுதான் பேச்சைக் குறைத்தார்.

மாற்று வேலை கொடுத்திருக்கிறார்கள். ஸ்டேஷனில் மேஜை போட்டு உட்கார்ந்து, மற்ற டிரைவர்களுக்கு இன்றைக்கு எந்த வண்டி என்று எழுதிக்கொடுக்கிற வேலை. லீவுக்கு மேல் லீவு போட்டுப் பார்த்தாயிற்று. நாளை, திங்கட்கிழமை, சேர்ந்தாக வேண்டும்.

"ஒவ்வொருத்தனும் பைய மாட்டிக்கினு என் கண்ணு முன்னாலயே வண்டிக்குப் போவான். நான் பேனாவ வச்சிக்கினு பாத்துக்கினு இருக்கணும். வேணாம் வேணி. வேலையே வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு வீட்ல இருக்கறேன்."

எனக்குச் சம்பளத்தைப் பற்றிய பயம் இல்லை. இந்த மனிதர் நாற்பத்தொன்பது வயதில் நடு அறையிலேயே உறைந்துபோய்விடுவார் என்று பயம். இதைக் குறிப்பாக உணர்த்த வேண்டும் என்று எழுதத் தெரிந்தவர்கள் சொல்வார்கள். நான் நேராகவே சொல்லிவிடுகிறேன், எனக்கு அழுகை வருகிறது.

4

விமானம் எப்படி வீட்டுக்குள் வந்தது என்றால், என் தம்பி பெங்களூர் போகும்போது கம்ப்யூட்டரையும், அதில் விமானம் ஓட்டுகிற விளையாட்டையும், அதற்கான கைப்பிடியையும் விட்டுப்போனான். (தம்பிக்குக் கதையில் வேறு வேலை இல்லை.) அவர் ஓட்டுவது நூற்றெண்பது பேர் உட்காருகிற பெரிய விமானம். சென்னையில் இறக்குவார். மேகத்தை வேண்டுமென்றே தாழ்வாகப் போட்டுக்கொள்வார்.

ஓடுபாதையின் பக்கத்திலிருந்து இரண்டு ரேடியோ அலைகள் வருகின்றனவாம். ஒன்று இடமா வலமா என்று சொல்லும், இன்னொன்று மேலா கீழா என்று சொல்லும். விமானத்தின் முன்பலகையில் அவற்றுக்கு ஆளுக்கொரு முள். இரண்டு முள்ளும் நடுவில் நின்றால் சரியான வழியில் இறங்குகிறோம் என்று அர்த்தம். வெளியே பார்க்கவே தேவையில்லை.

[தேவையில்லன்னு யார் சொன்னது? இருநூறு அடி வரைக்கும்தான் முள்ளு. அங்க வந்ததும் பாதையோட வெளிச்சம் கண்ணுக்குத் தெரியணும். தெரியலன்னா அப்பிடியே மேல ஏறிடணும். முக்கியமானத வுட்டுட்ட.]

விடவில்லை, பிறகு சொல்ல வைத்திருந்தேன். கதை எழுதுகிறவளுக்கு அந்த உரிமை உண்டு.

[சரி.]

தானாக இறங்கும் வசதி அந்த விமானத்தில் இருக்கிறது. ஒரு பொத்தான்தான். அதை அவர் தொடமாட்டார். "அதுவே எறங்கிடுச்சின்னா நான் எதுக்கு?" என்றார் ஒருநாள். அந்தக் கேள்வி விமானத்தைப் பற்றியது மட்டும் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. எழுந்து போய்க் காபி போட்டேன்.

முள்ளைத் துரத்தக் கூடாதாம். அது ஒதுங்கினால் கொஞ்சமாகத் திருப்பிவிட்டு, அது திரும்பி வரும்வரை பொறுக்க வேண்டும். அவருக்கு அது சீக்கிரம் கைவந்துவிட்டது. ஆனாலும் விமானம் இறங்கவில்லை. "முள்ளு நடுவுல!" என்று உரக்கச் சொல்லிவிட்டு நிறுத்துவார். அந்த நிறுத்தத்தில் கை அசையாது. அதற்குள் முள் நழுவிவிடும். கடலூர் போகிற பஸ்ஸைத் தவறவிட்டவர் போல நாற்காலியில் சாய்ந்துகொள்வார்.

"யாரக் கேக்குறீங்க?" என்றேன் ஒருநாள்.

"யாரையும் இல்ல. பழக்கம்."

இன்ஜினில் இரண்டு பேர் இருப்பார்கள். சிக்னலைப் பார்த்தவர் கையை நீட்டி "மஞ்சள்" என்பார். மற்றவர் தானும் பார்த்துவிட்டு "மஞ்சள்" என்று திருப்பிச் சொல்வார். பார்க்காமல் திருப்பிச் சொல்லவே கூடாது. இருபது வருஷமாக ஒரு சொல்லுக்கு ஒரு சொல் கேட்டுக் கேட்டுக் கை அசைந்த மனிதர். வீட்டில் அந்த இரண்டாவது குரல் இல்லை.

5

இங்கே ஓர் உருக்கமான காட்சி எழுதி அடித்துவிட்டேன். நடந்தது இவ்வளவுதான். குக்கரில் மல்லாட்டை வெந்துகொண்டிருந்தது. நடு அறையிலிருந்து "முள்ளு நடுவுல!" என்றார். நான் அடுப்படியிலிருந்தே "நடுவுல!" என்று கத்தினேன்.

நாற்காலி அடுப்படிப் பக்கம் திரும்புகிற சத்தம் கேட்டது.

"நீ பாக்காம சொல்ற."

"அடுப்ப வுட்டுட்டு வரவா?"

"ஜல்தி வா. நழுவுது."

போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்றைக்கு மல்லாட்டை குழைந்துபோனது. அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் நான்தான் அவருடைய அசிஸ்டென்ட். அவர் முள்ளைப் பார்ப்பார், நான் உயரத்தையும் ஜன்னலையும் பார்ப்பேன். அவர் சொன்னதைப் பார்த்துத் திருப்பிச் சொல்வேன், நான் சொன்னதை அவர் திருப்பிச் சொல்வார். "ஆயிரம்." "ஆயிரம்." கல்யாணமான புதிதில்கூட நாங்கள் இவ்வளவு பேசினதில்லை.

[பேசினோம். நீ மறந்துட்ட.]

6

நேற்று சனிக்கிழமை. மேகம் எவ்வளவு தாழ்வு என்பதைக் கம்ப்யூட்டரே முடிவு பண்ணட்டும் என்று விட்டுவிட்டு உட்கார்ந்தார்.

"வேணி, இத எறக்கிட்டேன்னா திங்கக்கெழம வேலைக்குப் போறேன்."

"எறக்கலன்னா?"

விமானத்தின் ரேடியோவை ஓடுபாதையின் அலைக்குத் திருகி வைத்தார். விளையாட்டில் போய் வாழ்க்கையைப் பந்தயம் கட்டுவார்களா என்று திட்ட வாய் வந்தது. ஆனால் பல மாதம் கழித்து வேலைக்குப் போவது என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்திருக்கிறது. நான் கெடுக்கவில்லை.

அவ்வளவு அழகாக அவர் ஒருநாளும் ஓட்டியதில்லை. இரண்டு முள்ளும் நடுவில். ஆயிரம், ஐந்நூறு, முந்நூறு. ஜன்னலில் சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளை. அவர் கண்ணை முள்ளிலிருந்து எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் மங்கலில் அவருக்கு எதுவும் பிரிந்து தெரிந்திருக்காது. பார்த்துச் சொல்ல வேண்டியவள் நான்.

"இருநூறு," என்றேன்.

"இருநூறு. இன்னா தெரியுது?"

7

முடிவு ஒன்று: மேகம் விலகியது. ஓடுபாதையின் விளக்குகள் வரிசையாக—

[நேத்து வெலகல. வெட்டிடு.]

வெட்டிவிட்டேன்.

முடிவு இரண்டு: எதுவும் தெரியவில்லை. ஆனாலும் கிருஷ்ணவேணி "தெரியுது" என்றாள். அவர் அவளை நம்பி இறக்கினார். முள் சரியாக இருந்ததால் சக்கரம் ஓடுபாதையிலேயே பட்டது. திங்கட்கிழமை அவர் வேலைக்குப் போனார். அவள் டிபன் பாக்ஸ் கட்டிக்கொடுத்தாள். அவர்கள்—

இதை இன்று காலை முழுசாக எழுதினேன். நன்றாகவே வந்திருந்தது. அவர் படித்தார். அடைப்புக்குறி எதுவும் போடவில்லை. தாளைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "அப்பிடிச் சொல்லியிருப்பியா?" என்று மட்டும் கேட்டார்.

நேற்று "தெரியுது" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "தெரியல" என்றுதான் வந்தது.

"தெரியல," என்று அவர் உடனே திருப்பிச் சொன்னார். கை நிற்கவில்லை. விசையை முழுக்கத் தள்ளி, மூக்கைத் தூக்கி, வெள்ளைக்குள்ளேயே மேலே ஏறினார். என் திங்கட்கிழமை போய்விட்டது என்று எனக்குக் கண்ணீர் கொட்டியது.

"ஏன் அழுவுற? கரெக்டாதான சொன்ன."

"பொய்யே சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா, உன் பேச்ச நம்பி இன்னொரு தடவ எறங்கமாட்டேன்." கடலுக்கு மேலே போய்த் திரும்பியதும் விமானத்தை நிறுத்தி வைத்தார். "இன்னும் பறக்க எண்ணெ இருக்குது. நாளைக்கி இன்னொரு தடவ பாக்கலாம். இப்ப பசிக்குது."

நேற்று மாலையிலிருந்து அந்த விமானம் நூற்றெண்பது பேரோடு கடலுக்கு மேலே அசையாமல் நிற்கிறது. விளையாட்டில் அப்படி நிறுத்தி வைக்கலாம், கதையிலும் நிறுத்தி வைக்கலாம். திங்கட்கிழமையை நிறுத்த முடியாது.

இறங்கினால் போவார். இறங்காவிட்டால்? நேற்றே கேட்டேன், பதில் வரவில்லை. இன்று சாப்பிடும்போது மறுபடி கேட்டேன். "அந்த மேஜையில ஒக்காந்தாலும் நாலு பேருக்குப் பாத்துச் சொல்ற வேலதான?" என்றார். அது சம்மதமா, சும்மா கேட்டாரா என்று எனக்குப் புரியவில்லை. திருப்பிக் கேட்கவும் பயம். முள்ளைத் துரத்தக் கூடாது என்று கையைக் கட்டிக்கொண்டேன்.

இப்போது விமானத்தை ஓட விட்டுவிட்டார். "வேணி!" என்று கூப்பிடுகிறார். இனி நான் எழுத முடியாது. எழுதினால் ஜன்னலைப் பார்க்க முடியாது. பார்க்காமல் சொல்லவும் கூடாது.

அதனால் கதையின் ஜன்னலை உங்களிடம் விட்டுப்போகிறேன். இருநூறு அடி வந்ததும் நீங்களே சொல்லுங்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: எங்கள் மேல் பிரியம் வந்துவிட்டது என்பதற்காக, இல்லாத வெளிச்சத்தைப் பார்த்துவிடாதீர்கள்.