ஒவ்வொரு கொமாவுக்கும் ஒரு ‘ம்’

சங்கக் கொட்டில் வாசலில் ஜீப் வந்து நின்றதும் பிரேமிளா எட்டிப் பார்த்தாள். உதவி நிறுவனத்தின் மல்லாவிக் கந்தோரிலிருந்து வெள்ளைக்காரி வந்துவிட்டாள், மொழிபெயர்ப்பாளரைக் காணவில்லை. அவருக்குக் காய்ச்சலாம். போச்சுதடா! தர்மபுரம் மாதர் சங்கத்தில் இங்கிலீசு தெரிந்தவள் பிரேமிளா ஒருத்திதான், அதுவும் பள்ளிக்கூடத்து இங்கிலீசு. கேட்கப்போவதோ ஒரு குழாய்க் கிணறு. பொதுக் கிணறு ஆவணியிலேயே சேறாகிவிட்டது. அதை வடித்துக் குடித்த பிள்ளைகள் வயிற்றோட்டத்தில் சுருண்டு கிடந்தார்கள். இன்று வெள்ளைக்காரிக்கு விளங்காவிட்டால் இந்த வருடம் கிணறு இல்லை.

மொழிபெயர்ப்பாளர் வராவிட்டால் உதவட்டும் என்று பேச்சை இங்கிலீசில் எழுதித்தான் வைத்திருந்தாள். நேற்று அதை ஒரே மூச்சில் வாசித்துக் காட்டியபோது, தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே வயல் செய்கிற வீரம்மா வாயில் கை வைத்தாள். அவளுக்கு இங்கிலீசில் ஒரு சொல்லும் தெரியாது.

“ஏன் புள்ள, நாய் தொரத்துற மாதிரி ஓடுற? நான் எந்த எடத்துல ம் கொட்டுறது?”

நியாயம்தானே! கேட்கிறவளுக்கு ம் கொட்ட இடம் வேண்டாமா? பிரேமிளா பென்சிலை எடுத்தாள். ‘கிணறு வற்றிய பிறகு’ என்று தொடங்கிய துண்டு முடிகிற இடத்தில், வால் வைத்த புள்ளியாக ஒரு கொமா. சேறு, வயிற்றோட்டம், காய்ச்சல் என்று அடுக்கியவற்றுக்கு நடுவே கொமா. ‘ஆனால்’ வருவதற்கு முன்னால் ஒன்று. மறுபடி வாசித்தபோது வீரம்மா மட்டுமல்ல, சுற்றியிருந்த பெண்களும் ம் கொட்டினார்கள்.

இப்போது எழும்பி நின்று தொடங்கினாள். முதல் கொமாவில் நிறுத்தினாள்.

“ம்!” என்றது முழுச் சங்கமும்.

வெள்ளைக்காரி திடுக்கிட்டுத் திரும்பினாள். பிரேமிளாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பாவிகள், இங்கேயுமா! ஆனாலும் விடவில்லை. அடுத்த துண்டு. “ம்!” அதற்கடுத்தது. “ம்!” பயம் எங்கே போனதென்றே தெரியவில்லை, குரல் தானாக நிமிர்ந்தது. பிள்ளைகளின் காய்ச்சலுக்கு வந்தபோது, கன்னத்தில் கையை ஊன்றியிருந்த வெள்ளைக்காரியும் “ம்” என்றாள். அவள் விளங்காமல் தடுமாறவில்லை, இடையில் நிறுத்தி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ‘ஆனால்’ வந்தது, வேலைக்குத் தங்கள் கைகள் இருக்கின்றன என்று சொல்லிப் பிரேமிளா முடித்தாள்.

வெள்ளைக்காரி கதிரையை விட்டு எழும்பி ஏதோ கேட்டாள்.

“இடத்தைக் காட்டச் சொல்லுறா!” பிரேமிளா கத்தியேவிட்டாள். “எழும்புங்கோ எல்லாரும்!”

கொட்டில் ஒரு நொடியில் காலியானது. ஆளுக்கொரு திசையைக் காட்டிய கைகளை விலக்கிக்கொண்டு பிரேமிளா முன்னால் நடந்தாள். வெடித்துக் கிடந்த தரையில் வெள்ளைக்காரி கிணற்றுக்கு அடையாளமாக ஒரு மர முளையை நட்டுப் பிடிக்க, வீரம்மா சேலையைச் செருகிக்கொண்டு, அதை அடித்திறக்க ஒரு கல்லை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கினாள்.