முன்னால் போன முத்துநாயகம்

முத்துநாயகம் ஏரியைக் கையால் காட்டிப் பேசிக்கொண்டே நடந்தார்.

“இவ்வளவு தண்ணி கெடக்கு, சுத்தி ஒரு வயலு உண்டுமா பாரு. இத நம்ம ஊருக்குத் திருப்பிவிட்டா கன்னிப்பூ, கும்பப்பூன்னு ரெண்டு போவ நெல்லும் கவலையில்லாம வெளையும். இவனுவ அன்னப்பறவைய விட்டு வளத்துட்டு இருக்கானுவ.”

பின்னாலிருந்து “ம்” என்று வந்தது. அது போதும் அவருக்கு. கல்யாணமான நாளிலிருந்து அந்த ‘ம்’மை நம்பித்தான் அவர் எல்லாப் பேச்சையும் பேசியிருக்கிறார்.

சொந்த ஊரான மயிலாடியில் அவருக்குப் பலசரக்குக் கடை. எங்கே போனாலும் அவர் முன்னால், மனைவி தாணம்மாள் பின்னால். திமிரெல்லாம் கிடையாது, அவருடைய அப்பா அப்படித்தான் நடந்தார், ஊரில் மற்ற ஆண்களும் அப்படித்தான் நடந்தார்கள், இவருடைய காலும் அப்படியே பழகிவிட்டது. ஒருமுறை சுசீந்திரம் தேரோட்டம் பார்த்துவிட்டு முன்வாசல் வழியாகப் பஸ் ஏறி, மயிலாடியில் இறங்கி, வீட்டு வாசலில் போய் நின்ற பிறகுதான் சாவி நினைவுக்கு வந்தது. மனைவி நினைவுக்கு வந்தது அதற்கும் பிறகு.

அதனால்தான் மகள் சுனிதா சுவிட்சர்லாந்துக்கு டிக்கெட் அனுப்பியபோது தாணம்மாள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். “நான் வாறேன். ஆனா அங்க நீங்க எங்கூட நடக்கணும். பக்கத்துல. ஊருக்குத் திரும்பினப்பொறவு எப்பிடியும் ஓடிக்கிடுங்க.” அவரும் “செரி செரி” என்றார். கடையில் கடன் கேட்பவர்களுக்கும் அதே “செரி செரி”தான். சுனிதா நேற்று இருவரையும் இந்த ஏரிக்கரை ஊரில் ஓட்டலில் விட்டுவிட்டு, “ரெண்டு பேரும் தனியா சுத்திப் பாருங்க” என்று சிரித்துக்கொண்டே வேலைக்குப் போய்விட்டாள்.

ஐந்து பேர் சேர்ந்து நடக்கிற அகலத்தில் நடைபாதை இருந்தது. கொஞ்ச தூரம் பக்கத்தில்தான் நடந்தார். ஏரி வந்தது, பேச்சு வந்தது, கால் அதன் வழக்கப்படி முன்னால் போய்விட்டது.

“மூட்டு வலிக்கிதா? கேட்டியா, ராத்திரி தைலம் போடு” என்றார். ‘ம்’ வரவில்லை. அவருக்குத் தெரியாத பாஷையில் நீளமாக ஏதோ வந்தது.

திரும்பிப் பார்த்தார். சிவப்புத் தொப்பி போட்ட வெள்ளைக்காரப் பாட்டி ஒருத்தி. கையில் கயிறு, கயிற்றின் நுனியில் ஒரு சின்ன நாய். பாட்டி மிகுந்த அன்போடு தலையாட்டினாள். இவ்வளவு நேரமும் கன்னிப்பூவையும் மூட்டுவலியையும் கேட்டுக்கொண்டு வந்தது அவள்தான். தாணம்மாளைக் காணவில்லை.

முத்துநாயகம் இடுப்பைத் தடவிப் பார்த்தார். இரண்டு பாஸ்போர்ட்டும் அவருடைய இடுப்புப் பையில். அவளுடைய போன் அவருடைய சட்டைப் பையில். “உனக்கிட்ட இருந்தா தொலைஞ்சுபோவும்” என்று அவர்தான் வாங்கி வைத்திருந்தார். அவளுக்கு ஓட்டல் பேர் தெரியாது. இங்கிலீஷில் ‘தேங்க்யூ’வுக்கு மேல் ஒரு வார்த்தை வராது. இந்த ஊரில் இவரைத் தவிர ஒருவருக்கும் அவளைத் தெரியாது.

“மை ஒய்ஃப்... மிஸ்ஸிங்” என்றார் பாட்டியிடம்.

பாட்டி உடனே கூட்டத்தில் தேட ஆயத்தமாகி, “டிரஸ்? வாட் கலர்?” என்று கேட்டாள்.

“சாரி” என்றார்.

“வாட் கலர்?”

முத்துநாயகம் யோசித்துப் பார்த்தார். ஒரு பிடி பருப்பை அள்ளினால் போன வருஷத்துச் சரக்கா இந்த வருஷத்துச் சரக்கா என்று சொல்கிற ஆள். காலையில் ஒரே அறையில்தான் அவள் சேலை கட்டினாள், எதிரில் உட்கார்ந்துதான் ரொட்டி தின்றாள். நிறம் நினைவில் இல்லை. பச்சையா? பச்சை மாதிரி ஏதாவது ஒன்றா? அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. வந்த வழியே ஓடினார். நாயோடு பாட்டியும் கூடவே ஓடினாள்.

படகுத்துறைக்குப் பக்கத்து பெஞ்சில் தாணம்மாள் அன்னங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாம்பழ மஞ்சளில் பச்சைக் கரை போட்ட சேலை. மேலே சுனிதாவின் நீல ஸ்வெட்டர். காலில் வெள்ளை ஷூ.

“ஏட்டி, ஒரு சத்தம் போடப்பிடாதா?” மூச்சு வாங்கியது அவருக்கு.

“எதுக்குப் போடணும்? எப்பத் திரும்பிப் பாப்பியன்னு பாத்துட்டு இருந்தேன்.” பிறகு பாட்டியைப் பார்த்தாள். “இவ யாரு?”

“எனக்கு... ‘ம்’ கொட்டிட்டு வந்தா.”

தாணம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். எழுந்து நடந்தாள்.

முத்துநாயகம் பக்கத்தில் நடந்து பார்த்தார். முடியவில்லை, கால் இழுத்துக்கொண்டு முன்னால் போயிற்று. சட்டென்று திரும்பினார். அவள் முகத்தைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடக்கத் தொடங்கினார். சைக்கிளில் வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள். நாய் குரைத்தது.

“மஞ்ச” என்றார். “பச்சக் கர.”

“அதுக்கு என்ன இப்போ?”

“ஒண்ணுமில்ல. நீ வா.”

அவருக்குப் பின்னால் பாதை வலப்பக்கம் திரும்பியது. நேரே போனால் ஏரிக்குள் இறங்கும் படிக்கட்டு. அவர் கண்ணெடுக்காமல் மனைவியையே பார்த்துக்கொண்டு, நேரே போய்க்கொண்டிருந்தார். தாணம்மாள் இப்போதே சொல்லிவிடலாமா, இன்னும் கொஞ்சம் போகட்டுமா என்று யோசித்துக்கொண்டே நடந்தாள்.